விளக்கக்கா வைத்த பொய்ப் பொறி

விளக்கக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறப்பதற்கு முன்பே காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். “எனக்குப் பசியில்ல, நீ சாப்பிடு” என்று தம்பியிடம் சொல்கிற ஒரே ஒரு பொய்யைத்தான் அவள் சின்ன வயதில் பழகியிருந்தாள். அதையும் அவன் ஒருநாளும் நம்பியதில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் அந்த ஆய்வுக்கூடம் பொய் சொல்லும் வேலையை ஒப்படைத்திருந்தது.

ஆய்வுக்கூடம் மலைக்கு உள்ளே இருந்தது. ஒரு காலத்தில் செம்பு வெட்டிய சுரங்கம். செம்பு தீர்ந்த பிறகு, அதன் அடிவயிற்றில் ஒரு பெரிய தொட்டி கட்டி, பலமாடிக் கட்டடம் ஒன்றை அப்படியே முக்கிவிடும் அளவுக்குத் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் கண்ணீரைவிடத் தெளிவானது. தொட்டியின் சுவரெல்லாம் பூசணிக்காய் பருமனில் கண்ணாடிக் குமிழ்கள், தேன்கூட்டின் அறைகளைப்போல நெருக்கி நெருக்கி. பார்ப்பவர்கள் பல்பு என்று நினைப்பார்கள். அவை வெளிச்சம் கொடுக்கிற பல்புகள் அல்ல, வெளிச்சத்தைக் குடிக்கிறவை. கும்மிருட்டில், தண்ணீருக்குள் எங்காவது ஒரு பொட்டு ஒளி கிளம்பினால் போதும், எந்தக் குமிழ் எப்போது எவ்வளவு குடித்தது என்று மேலே கணினியில் பதிவாகிவிடும்.

குமிழ்கள் ஒழுங்காகக் குடிக்கின்றனவா என்று சோதிப்பதுதான் விளக்கக்காவின் உத்தியோகம். கம்பியில் கட்டிய சின்ன விளக்கொன்றைத் தொட்டிக்குள் இறக்குவாள். சொன்ன இடத்தில் நிறுத்துவாள். ஒரு சிமிட்டு சிமிட்டுவாள். எந்தக் குமிழ் தூங்குகிறது, எது இல்லாத ஒளியைக் கண்டதாகப் பிதற்றுகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பாள். இதற்கு முன் அவள் வேலை பார்த்தது ஒரு பல்புத் தொழிற்சாலையின் சோதனை அறையில். அது மூடப்பட்டபோது, கண்ணாடியைக் கையாளத் தெரிந்தவர்கள், இருட்டில் பயப்படாதவர்கள் என்று தேடி எடுத்த நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. அங்கே எல்லோருக்கும் அவள் விளக்கக்காதான். அவளைவிட வயதில் மூத்த ஆய்வுத் தலைவருக்கும் விளக்கக்காதான்.

அந்த வேலை இருப்பதாக அவளுக்குச் சொன்னவன் தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை அவன். அவளுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. “தம்பியை விடுதியில சேர்த்துட்டா நல்லது” என்று மாப்பிள்ளை வீட்டார் மெதுவாகச் சொன்னார்கள். “உங்க பிள்ளையையே விடுதியில சேர்த்துக்குங்க” என்று இவள் மெதுவாகவே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவிடவில்லை. தம்பி படித்தான். பௌதிகம் படித்தான். ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகி, உலகத்தின் விசைகளெல்லாம் ஆதியில் ஒன்றாகத்தான் இருந்தனவா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, விடாக்கண்டனாக அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினான்.

“என்னடா அப்படி ஒரு கேள்வி? சோறு போடுமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“அக்கா, ஒரு வீட்டுல மூணு அண்ணன் தம்பினு வச்சுக்கோ. ஒருத்தன் முரடன். அணுவோட நடுவுல இருக்கறதை இறுக்கிக் கட்டிப் பிடிச்சிருக்கான். ஆனா வாசல் தாண்ட மாட்டான். இன்னொருத்தன் ஊர்சுத்தி. மின்சாரம், காந்தம், வெளிச்சம் எல்லாம் அவன் கைவரிசை. மூணாவது ஆளு சாது. இருக்கற இடமே தெரியாது. ஆனா அமுக்கமா இருந்து ஒரு துகளை வேற துகளாவே மாத்திப்புடுவான்.”

“அமுக்கமா இருக்கறவனைத்தான் நம்பக் கூடாது.”

“கேளு. இந்த மூணு பேரும் தனித்தனி ஆளுங்கன்னு இப்ப நினைக்கிறோம். உலகம் பிறந்தப்போ இருந்த சூட்டுல மூணு பேரும் ஒரே ஆளு. சூடு ஆற ஆற பாகம் பிரிஞ்சு போயிட்டாங்க. அதுதான் நான் சொல்றது.”

“நாலாவதா ஒருத்தன் இருக்கான்னியே?”

“ஈர்ப்பு விசையா? அவன் அந்த வீட்டுப் பிள்ளைதானான்னே இன்னும் தகராறு தீரலை. அவனை விடு.”

“சரி, மூணு பேரும் ஒண்ணா இருந்தாங்கன்னு எவன் பார்த்தான்? சாட்சி யாரு?”

தம்பியின் முகம் அப்போது விளக்கேற்றியதுபோல ஆனதை அவள் கடைசிவரை மறக்கவில்லை. “அப்படிக் கேளு! பாகம் பிரிஞ்சாலும் நடுச்சுவருல ஒரு சின்னக் கதவு இருந்தே தீரணும்க்கா. என்னைக்காவது ஒருநாள் ஒரு துகள் அந்தக் கதவு வழியா இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நழுவும். நழுவினா புரோட்டான் உடைஞ்சிடும். சாகாவரம் வாங்கினதுன்னு நினைச்சோமே, அந்தப் புரோட்டான் சாகும். சாகும்போது தண்ணிக்குள்ள சின்னதா ஒரு ஒளி. அது சுவருல இருக்கற குமிழ்கள் மேல வளையம் வளையமா விழும். அதான் சாட்சி.”

ஒரு புரோட்டான் சாக எத்தனை காலம் ஆகும் என்றால், இந்த உலகத்தின் வயதெல்லாம் அதற்கு முன் ஒரு கண்சிமிட்டல். ஆனால் ஒருவன் ஒரு சீட்டு வாங்கினால்தான் லாட்டரி விழுவது அரிது; ஊர் முழுக்க வாங்கினால் யாராவது ஒருவனுக்கு விழத்தானே வேண்டும்? அதற்குத்தான் அவ்வளவு பெரிய தொட்டி. அவ்வளவு தண்ணீர், அதில் எண்ணிலடங்காத புரோட்டான்கள். ஒன்றாவது போகாதா என்று காவல் இருந்தார்கள். முதலில் வந்த எளிமையான கணக்கு, இதோ சாகும், அதோ சாகும் என்றது. சாகவில்லை. அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டார்கள். தம்பி வைத்திருந்தது அதைவிடப் பொறுமையான கணக்கு.

இங்கேதான் அந்தப் பொய் வருகிறது.

வருடக்கணக்கில் ஒன்றையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணை நம்ப முடியாது. பிள்ளை வரும் வரும் என்று வாசலைப் பார்ப்பவளுக்கு, தெருவில் போகிறவனெல்லாம் பிள்ளையாகத் தெரிவான். அப்புறம் அலுத்துப்போய், நிஜப் பிள்ளை வந்து நின்றாலும் தெரியாது. ஆகவே தலைவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பதிவுகளின் நடுவே, புரோட்டான் செத்ததுபோலவே ஒரு பொய்ப் பதிவைச் சொருகி வைப்பது. அதற்குப் பெயர் பொய்ப் பொறி. எப்போது, எங்கே, வைத்தார்களா இல்லையா என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். பதிவைப் படிக்கிறவர்கள் முடிவை எழுதி, எல்லோரும் கையைத் தூக்கி ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த ஒருவர் வாயைத் திறக்கலாம். அதுவரை பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது. அந்த ஒருவராக, பதிவைப் படிப்பதில் பங்கே இல்லாத விளக்கக்காவைத் தலைவர் தேர்ந்தெடுத்தார்.

“எனக்குப் பொய் வராதுங்களே?”

“வாயால சொல்ல வேண்டாம்மா. கணினிகிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. கணினி உங்க முகத்தைப் பார்க்காது.”

பதிவு படிக்கிற இளவட்டங்கள் உணவறையில் அவளைச் சீண்டும். “விளக்கக்கா, இந்தத் தடவை வச்சீங்களா, வைக்கலையா?” என்பார்கள். அவள் முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பொழுதில்தான் தம்பியின் தொண்டையில் அந்தப் பாழும் கட்டி வந்தது.

அவன் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி பெஞ்சு வரை போகும். தூங்குகிறவனை எழுப்பும், எழுந்தவனைச் சிரிக்க வைக்கும். எழுதுவதில் அவன் சுமார்தான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே யோசனை வரும். அந்தக் குரல் முதலில் கரகரத்தது. பிறகு உடைந்தது. அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார்: “குரல்வளையை முழுசா எடுத்துடணும். எடுத்தா நல்லா இருப்பீங்க. கழுத்துல ஒரு துளை வழியா மூச்சு விடுவீங்க. பேச்சு மட்டும் இருக்காது. தள்ளிப்போட்டா அது பரவிடும். அப்புறம் நான் கத்தியை எடுத்தும் பிரயோஜனம் இல்ல.”

வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். அவன்தான் மூன்றாம் நாள் அக்காவைக் கூப்பிட்டான்.

“எடுத்துக்கட்டும்க்கா. குரல் போனா போகுது. உங்க தொட்டி என்ன சொல்லப் போகுதுன்னு தெரிஞ்சுக்காம நான் போறதா இல்ல.”

அவன் உயிரை அந்த ஒரு கேள்விதான் பிடித்து வைத்திருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. கரகரப்பான, ஆனால் அவனுடைய அசல் சிரிப்பு. நடுக்கூடத்தில் கண்ணாடிக்காரன் உட்கார்ந்திருந்தான். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, தம்பியிடம் முன்பு படித்த பையன். இப்போது தொட்டியின் பதிவு படிக்கிற குழுவில் ஒருவன். அக்காவைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தான்.

“வாக்கா, வா! செத்துடுச்சு!” என்றான் தம்பி.

“ஐயோ, யாருடா?”

“புரோட்டான்!”

கண்ணாடிக்காரன் கையைப் பிசைந்தான். “சார் ஆபரேஷனுக்குப் போறாருன்னு மனசு கேக்கலைக்கா. இன்னும் ஓட்டெடுப்பு நடக்கலை. வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனா பார்த்த எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றோம்.”

“மூணு வளையம்க்கா!” தம்பி இருக்க முடியாமல் எழுந்து நின்றான். “ஒரு பக்கம் ஒண்ணு, எதிர்ப்பக்கம் ரெண்டு. தொட்டியோட நடுவயித்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த ரெண்டு வளையமும் லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்காம். அதான் அழகே! மனுஷன் செஞ்சிருந்தா சுத்தபத்தமா, தள்ளித் தள்ளி வச்சிருப்பான். இது இயற்கையோட கை.”

அந்த இரண்டு வளையத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்தவள் விளக்கக்காதான். ரொம்பச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று, கோலத்தில் ஒரு புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைப்பதுபோல, ஆசை ஆசையாக வைத்தாள். அந்த இடத்துக் குமிழ்கள் ஒன்றுகூடத் தூங்காது என்பதால் நடுவயிற்றுக்குக் கீழே வைத்தாள்.

“என்னக்கா, பேச்சையே காணோம்?”

“தலை சுத்துதுடா” என்றாள். அது பொய்யில்லை.

அடுத்த நாள் தம்பி பெண்டாட்டி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அண்ணி, இவரு ஆபரேஷன் வேண்டாங்கிறாரு! ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சாம்!”

அக்கா போய்ப் பார்த்தபோது தம்பி மேசை முன்னால் உட்கார்ந்து விரிவுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். கல்லூரியின் பெரிய அரங்கம் கேட்டிருக்கிறானாம். முடிவு வெளியாகிற அன்றைக்கே பேசப்போகிறானாம்.

“பதில் வந்தாச்சுக்கா. இனி எதுக்கு நான் ஊமையா உட்கார்ந்து காலம் தள்ளணும்? இருக்கிற நாலு மாசம் போதும். ஊர் ஊராப் போய் இதைச் சொல்லிட்டு, சொல்லிக்கிட்டே போயிடுவேன். இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?”

“ஓட்டெடுப்பு முடியட்டுமேடா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

“அதுக்குள்ள கட்டி பெருசாயிடும்னு உன் டாக்டரே சொல்றாரே. ஒண்ணு குரலு, இல்ல உசுரு. நான் குரலை எடுத்துக்கிட்டேன்.”

“பைத்தியக்காரா! உன் பொண்டாட்டியை நினைச்சியா? என்னை நினைச்சியா?”

“உன்னை நினைக்காம இருப்பேனா? முதல் வரிசையில உனக்குத்தான் நாற்காலி. அந்தத் தொட்டிக்கு விளக்குப் போட்டவ என் அக்கான்னு சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறேன்.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பெற்ற பிள்ளைபோல அவள் வளர்த்தவன், அவள் கையால் செய்த பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாவின் வாசலுக்கு நடக்கிறான், சிரித்துக்கொண்டே நடக்கிறான்.

மறுநாள் காலை தலைவர் அறைக்குப் போனாள். அவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். “ஐயா, அந்தப் பொறி விஷயமா...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“சொல்லாதீங்க! ஒரு வார்த்தை சொல்லாதீங்க. வச்சீங்களா, வைக்கலையான்னு எனக்குத் தெரியவே கூடாது. நீங்க இந்த முகத்தோட இங்க வந்து நின்னதே தப்பு.”

“ஒரு உயிர் விஷயம்ங்க.”

அவர் காதிலிருந்து கையை மெல்ல எடுத்தார். கண்ணாடிக்காரன் உளறிய செய்தி அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும். “விளக்கக்கா, எத்தனை பேரோட எத்தனை வருஷத்து உழைப்பு தெரியுமா? ஓட்டெடுப்புக்கு முன்னாடி விஷயம் வெளியே போனா, இந்தச் சோதனையே செல்லாது. நாளைக்கு நாங்க நிஜமாவே பார்த்துட்டோம்னு சொன்னாலும் உலகத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. என்னால அனுமதி கொடுக்க முடியாது. கேக்காதீங்க.”

அவள் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அனுமதி வாங்கிச் செய்கிற காரியமில்லை இது என்பது அந்த நடைபாதையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. யார் தலையிலும் பாரத்தைச் சுமத்த முடியாது.

அன்று மத்தியானமே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கண்ணாடி முன் நின்று, கைக்குட்டையைத் தொண்டையில் சுற்றிக்கொண்டு, விரிவுரையின் முதல் வாக்கியத்தைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொறி நான் வச்சதுடா.”

அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தான். காது மடலைப் பார்த்தான். அது சிவக்கவே இல்லை.

“ரெண்டு வளையத்தையும் ஏத்தி வச்சது நான்தான். சுத்தமா இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. புரோட்டான் எதுவும் சாகலை. நான் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்.”

தொண்டையில் சுற்றிய கைக்குட்டையை அவிழ்த்துப் போட்டான். மேசையில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

“ஏன்க்கா சொன்னே?” என்று மட்டும் ஒருமுறை கேட்டான். “நான் சந்தோஷமாப் போயிருப்பேனே.”

அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி வெடித்தாள். “நல்லா இருக்கு அண்ணி! வைக்கறதையும் நீங்களே வச்சு, புடுங்கறதையும் நீங்களே புடுங்கினீங்களா? சாகப் போறவருக்கு ஒரு சந்தோஷம் பொறுக்கலையா உங்களுக்கு?”

“அவன் சாகக் கூடாதுன்னுதான்டி சொன்னேன்.”

“இப்ப மட்டும் வாழ்ந்துடுவாரா? பாருங்க, அவர் கிடக்கற கிடையை!”

விளக்கக்கா எழுந்து வெளியே வந்தாள். தம்பி பெண்டாட்டி சொல்வதிலும் நியாயம் இருந்தது. பொய்யோடு சிரித்துக்கொண்டிருந்தவனை உண்மையைச் சொல்லிச் சாய்த்துப்போட்டாயிற்று. இனி அவன் எழுந்தால்தான் உண்டு. அந்த வீட்டு வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்து, தன் ஆயுசையே ஒரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்றதிலிருந்து இன்றுவரை, அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் எல்லாம் செய்தாள். இதுவும் நல்லதுதானா? யாரைக் கேட்பது?

பொழுது விடிந்து வெயில் ஏறியபோது உள்ளேயிருந்து கட்டில் கிரீச்சிட்டது. தம்பி வெளியே வந்தான். கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் பழைய வம்புக்காரன் எட்டிப் பார்த்தான்.

“எத்தனை பேர் ஏமாந்தாங்க?”

“பார்த்த அத்தனை பேரும்தான்னு கண்ணாடிக்காரன் சொன்னானேடா.”

“நானும் ஏமாந்தேன். இயற்கையோட கைன்னு வேற சொன்னேன். சீ!” சிரிக்க முயன்று இருமினான். அப்புறம் வாசல் வெளிச்சத்தைப் பார்த்தபடி சொன்னான்: “இத்தனை கோடி வருஷமா இருந்துக்கிட்டிருக்கற புரோட்டானுக்கே சாக அவசரமில்லையாம். எனக்கு மட்டும் என்ன கொள்ளை? டாக்டருக்குப் போன் போடச் சொல்லு.”

தம்பி பெண்டாட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள், கையை நீட்டி நாத்தனாரின் காலைத் தொட்டாள்.

அதோடு முடிந்துவிடுமா? நியதி நியதிதானே. விளக்கக்கா அன்றைக்கே தலைவரிடம் போனாள். “நான் சொல்லிட்டேன்ங்க” என்றாள். இந்தத் தடவை அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கண்ணாடிக்காரன் முதலில் உளறியதை அவள் சொல்லவில்லை. அவனே வந்து, தலைகுனிந்து நின்று ஒப்புக்கொண்டான். குழு கூடியது. அந்தச் சோதனை செல்லாது என்று முடிவாயிற்று. பதிவுகளை முதலிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டு படிக்க வேண்டும். பொய்ப் பொறி வேலை அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. விளக்கு வேலை மட்டும் மிஞ்சியது. உணவறையில் அவள் போய் உட்கார்ந்த மேசையிலிருந்து இளவட்டங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாயில்லை. அவர்கள் பட்ட பாட்டை அவள் ஒரு மத்தியானத்தில் தண்ணீரில் கரைத்துவிட்டாள். தலைவர் மட்டும் ஒருநாள் நடைபாதையில் எதிர்ப்பட்டபோது நின்றார். “தம்பிக்கு என்னைக்கு ஆபரேஷன்?” என்றார். “நாளன்னைக்குங்க” என்றாள். “லீவு போட்டுட்டீங்களா? போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். தன் கண் கலங்கியதை அவர் பார்க்கக் கூடாதே என்று அவளுக்கு. அவருக்கும் அதே கவலையாகத்தான் இருந்திருக்கும்.

அறுவைக்கு முதல் நாள் தம்பி பேசினான், பேசினான், அப்படிப் பேசினான். கூட வேலை பார்க்கிற உயிரியல் வாத்தியார், எதிர்வீட்டுக்காரர், பழைய மாணவர்கள் என்று வந்தவர்களோடெல்லாம் வம்பளந்தான். பெண்டாட்டியிடம் தனியாக என்னவோ சொன்னான். அவள் சிவந்த கண்ணோடும் சிரித்த வாயோடும் வெளியே வந்தாள். அக்காவிடம் மட்டும் சண்டை போட்டான். வளையங்களை அவ்வளவு நேர்த்தியாக வைக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று சண்டை. அடுத்த பெரிய தொட்டி வந்தால் உன் விளக்கு பத்தாது, பெரிய விளக்கு வேண்டும் என்று சண்டை. “நீ வாயை மூடுடா, தொண்டை வலிக்கும்” என்றால், “நாளைக்குத்தான் மூடப்போறாங்களே, அதுக்குள்ள என்ன?” என்று அதற்கும் சண்டை.

மறுநாள் அவனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். அவன் கடைசியாக என்ன சொல்லப் போகிறான் என்று இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். கடைசி வார்த்தையல்லவா? அதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா? அறுவை அறையின் கதவு திறந்தது. தள்ளுகிறவர் வண்டியைத் திருப்பினார். “அண்ணே, கதவு இடிக்கப்போகுது, பார்த்துத் தள்ளுங்க!” என்றான் தம்பி. கதவு மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். உலகத்து விசைகள் மூன்றையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கப் பார்த்தவனின் குரல், ஒரு கதவு இடித்துவிடக் கூடாதே என்ற கவலையோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, அந்த நடைபாதையே கேட்க அழுதார்கள்.

அவன் பிழைத்தான். கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கழுத்தில் கட்டும் குழாயுமாக இருந்தான். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. காற்று மட்டும் கழுத்துத் துளையில் உஸ் என்றது. அவன் கண்ணில் வந்த பயத்தை விளக்கக்கா பார்த்துவிட்டாள். இதற்குத்தானே அவனை இழுத்து வந்தோம் என்று தோன்றியது. அவள் குனிந்து உதட்டையே பார்த்தாள்.

“தண்ணியா? இப்ப கூடாதுடா.”

அவன் தலையை ஆட்டினான். மறுபடி உதடு அசைந்தது.

“படுக்கையை உசத்தணுமா? டாக்டரைக் கூப்பிடவா? அவளைக் கூப்பிடவா?”

அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கண்ணிலிருந்த பயம் போயிற்று. புருவத்தை நெரித்து, ஒவ்வொரு எழுத்தாக, மந்தமான மாணவிக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி உதட்டை அசைத்தான். அவள் கூர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஒண்ணும் சாகலை! கழுத்தை அறுத்துப் போட்டிருக்கு, கண்ணைத் திறந்ததும் கேக்கற கேள்வியைப் பாரு! வேற பையங்க மறுபடியும் முதல்லேருந்து படிக்கிறாங்க. இந்தத் தடவை பொறி வச்சிருக்கான்னு எனக்கே தெரியாது. என்னது? சரியாச் சொல்லு... நல்லதா? எது நல்லது? எனக்குத் தெரியாததா? அட, திமிர் பிடிச்சவனே!”

பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த அம்மாள், இந்தப் பெண்பிள்ளை ஏன் வாய் பேசாத நோயாளியிடம் இப்படித் தனியாகச் சண்டை பிடிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தாள். நோயாளியின் உதடு நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. அவன் சொல்லச் சொல்ல, கட்டிலோரம் நின்றவள் கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.